ஸ்பின் வீல் ஒரே பக்கமா வந்து நிக்குது, சனிக்கிழமை நிகழ்ச்சி. உதவி தேவை

அல்சூர் டிசைனர்:
வணக்கம். பெங்களூர்ல கம்பெனி நிகழ்ச்சிகளுக்கு விளையாட்டு ஸ்டால், பேக்டிராப், பேட்ஜ் எல்லாம் செஞ்சு கொடுக்கிறோம், நானும் என் தோழியும் மட்டும். வர்ற சனிக்கிழமை ஒயிட்ஃபீல்டுல ஒரு கம்பெனியோட குடும்ப தினம். அதுக்கு ஒரு ஸ்பின் வீல் பண்ணியிருக்கோம்: 4 அடி விட்டம், 12 எம்எம் எம்டிஎஃப் பலகை, 12 கட்டம், 6202 பேரிங். எந்தக் கட்டம்னு காட்டுற நாக்கு மேல இருக்கு.

30 தடவை சுத்திப் பார்த்தேன். 19 தடவை அதே மூணு கட்டத்துலதான் நிக்குது, அதுல ரெண்டு வெறும் பேனா. பேரிங்குக்கு எண்ணெய் விட்டாச்சு, நாக்கை மாத்தியாச்சு, ஸ்டாண்டை மட்டம் பார்த்து வச்சாச்சு. வரிசையில நின்னு காத்திருக்கிற குழந்தைக்கு மறுபடி மறுபடி பேனாவே விழுந்தா எனக்குத் தாங்காது.

இன்னொண்ணு. கம்பெனியோட நீலம் வினைல் ஸ்டிக்கர்ல கத்தரிப்பூ நிறமா வந்திருக்கு. என்ன பண்றது?

பீன்யா பட்டறை:
நாக்கைக் கழட்டிட்டு, சக்கரத்தைத் தள்ளாம சும்மா விடுங்கம்மா. எந்தப் பக்கம் கீழ வந்து நிக்குதுன்னு பாருங்க. நாலஞ்சு இடத்துல இருந்து விட்டுப் பார்க்கணும்.

அல்சூர் டிசைனர்:
எங்க இருந்து விட்டாலும் லோகோ பக்கம்தான் கீழ வருது அண்ணா! சொல்ல மறந்துட்டேன், அக்ரிலிக்ல வெட்டின லோகோ ஒண்ணு, நடுவுல இருந்து 20 செ.மீ. தள்ளி ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கு. எடை 400 கிராம்.

பீன்யா பட்டறை:
அதேதான். லோகோ கீழ இறங்குது, அதுக்கு நேர் எதிர்க் கட்டங்க நாக்குக்கிட்ட வருது. பேரிங் நல்லா ஓட ஓட இது இன்னும் கூடும், அதனால எண்ணெய் விட்டும் பிரயோஜனமில்லை. எடையைத் தூரத்தால பெருக்குங்க: 400 x 20 = 8000. எதிர்ப்பக்கம் 50 செ.மீ. தூரத்துல வைக்கிறதா இருந்தா 8000-ஐ 50-ஆல வகுங்க, 160 கிராம். பின்பக்கம் இரும்பு வாஷர்களை முதல்ல டேப்ல ஒட்டி, எங்க விட்டாலும் அங்கயே நிக்குதான்னு பாருங்க. சரியா வந்ததும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிடுங்க. வெறும் டேப்போட சுத்த விட்டுடாதீங்க, தெறிச்சா பக்கத்துல நிக்கிற பிள்ளை மேல படும்.

சுல்தான்பேட்டை பிரிண்டர்:
நீலத்துக்கு வர்றேன். ஃபைல் ஆர்ஜிபி-ல, அதாவது ஸ்கிரீனுக்கான சிவப்பு-பச்சை-நீலக் கலவையில, அனுப்பினீங்களா? அதை மெஷின் சிஎம்ஒய்கே-வா, அதாவது பிரிண்டிங்குக்கான நாலு மைக் கலவையா, மாத்துறப்போ சயான் (பச்சை கலந்த நீல மை) 100 சதவீதத்துக்குப் பக்கத்துல மெஜந்தாவும் (ரோஸ் நிற மை) 90, 100-ன்னு வந்து உக்காந்துக்கும். அந்தக் கலவை கத்தரிப்பூதான். நீங்களே மாத்தி, மெஜந்தாவை 60-70க்கு இறக்குங்க. கம்பெனிகிட்ட அவங்க நீலத்தோட பேன்டோன் எண் (நிறத்தை அடையாளம் சொல்ற பொது எண்) கேளுங்க. அதே மெஷின், அதே வினைல்ல ஒரு சாண் அளவுக்கு மூணு நாலு கலவை அடிச்சு, லேமினேஷனும் போட்டு, வெயில்ல ஒரு தடவை ஹால் லைட்ல ஒரு தடவை பாருங்க. ஸ்கிரீனை மட்டும் பார்த்து ஓகே சொல்லாதீங்க.

அல்சூர் டிசைனர்:
ஆர்ஜிபி-தான் அனுப்பினேன் சார், என் தப்பு.

ஒரு சங்கடம். பெரிய பரிசு புளூடூத் ஸ்பீக்கர், 5 தான் இருக்கு. அந்தக் கட்டம் வராத மாதிரி எடை வைக்க முடியுமான்னு எச்ஆர்ல கேட்கிறாங்க. எனக்கு மனசு ஒப்பலை.

கோரமங்களா ஈவென்ட் அக்கா:
வேண்டவே வேண்டாம்மா. அங்க வர்றது அவங்க ஆளுங்களோட பிள்ளைங்க. கணக்கை எடுத்துக் காட்டு. 4 மணி நேரம், ஒரு சுத்துக்கு 40 நொடின்னா 360 சுத்து. 12-ல ஒரு கட்டம்னா சுமார் 30 ஸ்பீக்கர் போகும். அதனால அந்தக் கட்டத்துல ‘நட்சத்திர அட்டை’ன்னு போடு. அட்டை கிடைச்சவங்க பேரை எல்லாம் சாயங்காலம் குலுக்கி, மேடையில 5 பேருக்குக் கொடுக்கட்டும். விதியை ஸ்டால் முன்னாடியே தமிழ், கன்னடம், இங்கிலீஷ்ல எழுதி வை. டிரைவர் அண்ணன்களும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களும் குடும்பத்தோட வருவாங்க, யாரும் புரியாம நிக்கக் கூடாது.

அல்சூர் டிசைனர்:
வாஷர் போட்டாச்சு. 150 கிராம்லயே சமமா நின்னுடுச்சு. 48 தடவை சுத்தினேன், எந்தக் கட்டமும் 2-க்குக் குறையலை, 6-ஐத் தாண்டலை. நட்சத்திர அட்டைக்கு எச்ஆர் சரின்னுட்டாங்க. மெஜந்தா 65-ல வந்த துண்டு கம்பெனி நீலத்தோட அப்படியே ஒத்துப் போகுது, நாளைக்குக் காலையில முழு ஸ்டிக்கரும் அடிக்கக் கொடுக்கிறேன். மூணு பேருக்கும் ரொம்ப நன்றி.

பீன்யா பட்டறை:
ஒயிட்ஃபீல்டுல இறக்கி மாட்டினதும் நாக்கு இல்லாம ஒரு தடவை மறுபடி விட்டுப் பாருங்கம்மா. வண்டிக் குலுக்கல்ல ஸ்க்ரூ தளர்ந்திருக்கும்.