பேருந்து மனு: முதல் வரி எது?

வடசேரி பெரியப்பா: நாகர்கோவில் நகரப் பேருந்துகள் அடுத்த இருபது ஆண்டுகளில் எப்படி இருக்க வேண்டும் என்று நம் தெரு சார்பில் மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் ஒரு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். மின்சாரப் பேருந்து வேண்டும் என்பதை முதல் வரியாக வைக்கலாமா?

பார்வதிபுரம் அக்கா: வேண்டாம் பெரியப்பா. வண்டி மாறினாலும் தடம் மாறாவிட்டால் நாம் காத்துக் கிடப்பது மாறாது. சுசீந்திரம், இராஜாக்கமங்கலம் பக்கமிருந்து வரும் நகரப் பேருந்துகள் பெரும்பாலும் மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர் அங்கே இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். வெளியூர்ப் பேருந்து என்றால் வடசேரிக்கு ஓட வேண்டும்.

கோட்டாறு அத்தை: உண்மைதான். முட்டுவலிக்காரர்கள் ஒரு கையில் மருந்துச் சீட்டும் மறுகையில் ஒயர் கூடையுமாக, "இது ஆசாரிபள்ளம் போகுமா?" என்று நடத்துநர் நடத்துநராகக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். வண்டி வந்தாலும் படியின் உயரத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்குவார்கள். தாழ்தளப் பேருந்தையும் எழுதுங்கள்.

திருவனந்தபுரம் தம்பி: இங்கே 2021 நவம்பரில் தொடங்கிய, நகருக்குள் சுற்றி ஓடும் சிட்டி சர்க்குலர் பேருந்துச் சேவையில் தடங்களுக்குச் சிவப்பு, நீலம் என்று நிறங்களையே பெயராக வைத்தார்கள். முதலில் ஓடியவை கையிலிருந்த பழைய தாழ்தள வண்டிகள்தாம். மின்சாரப் பேருந்துகள் 2022 ஆகஸ்டில்தான் அதில் சேர்ந்தன.

வடசேரி பெரியப்பா: அது இருக்கட்டும். நம் தமிழ்நாட்டில் கட்டணம் 2018-க்குப் பிறகு உயரவில்லை, 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. கூடுதல் நடை கேட்டால் பணத்துக்கு எங்கே போவது என்பார்களே?

பார்வதிபுரம் அக்கா: பெண்களின் பயணத்துக்கான தொகையை அரசு மானியமாகக் கழகத்துக்குத் தருகிறது, ஆகவே அந்தப் பழியை நம் தலையில் போட வேண்டாம். இரண்டு குறுந்தடங்களை ஊருக்கு நடுவே இணைத்துவிட்டால், நிலையத்தில் சும்மா நிற்கும் நேரம் மிச்சமாகி, அதே வண்டியும் அதே ஓட்டுநரும் இன்னொரு நடை போய்வர இடம் கிடைக்கும். நீளத் தடங்களில் கை வைக்கக் கூடாது. கோட்டாறு நெரிசலில் சிக்கும் தாமதம் மறுமுனை வரைக்கும் தொற்றும்.

இன்னொன்று. சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து புறப்பட்ட மின்சாரப் பேருந்துகள் தனியார் நிறுவனத்துடையவை. ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்ப மாநகரப் போக்குவரத்துக் கழகம் பணம் கொடுக்கிறது. அந்த முறை நாளை இங்கே வரும்போது தடங்கள் இப்படியே கிடந்தால், காலி வண்டி ஓடிய தூரத்துக்கும் காசு கொடுத்துக்கொண்டிருப்போம்.

திருவனந்தபுரம் தம்பி: கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைத் தடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு மாநில வண்டிகளும் அடுத்தடுத்து வந்துவிட்டு, பிறகு நெடுநேரம் ஒன்றும் வராது. இரண்டு கழகங்களும் ஒரே கால அட்டவணை போட்டாலே பாதிக் குறை தீரும்.

வடசேரி பெரியப்பா: முதல் வரியை மாற்றிவிட்டேன்: "அண்ணா நிலையத்தில் முடியும் குறுந்தடங்களை இணைக்க வேண்டும்." மின்சாரப் பேருந்து மூன்றாவதாக வரும். கோட்டாற்றில் காலை எட்டு முதல் ஒன்பது வரை வரும் பேருந்துகளின் தட எண்ணையும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்துத் தருவாயா, தங்கச்சி? மனுவோடு இணைக்கிறேன்.

கோட்டாறு அத்தை: குறித்துப் படமெடுத்து அனுப்புகிறேன் அண்ணா. நிழற்குடையை விட்டுவிடாதீர்கள்.