பிஇஇ சான்றிதழ் வந்துவிட்டது, கம்பெனி மாறியதா?

டர்பன்வாசி:
தென்னாப்பிரிக்காவில் கறுப்பினப் பொருளாதார அதிகாரமளிப்புச் (பிஇஇ) சட்டம் 2003-இல் வந்தது. கறுப்பினத்தவருக்குப் பங்கு, பதவி, பயிற்சி, ஆர்டர் கொடுத்தால் கம்பெனிக்குப் புள்ளி; அதை வைத்து ஒன்று முதல் எட்டு வரை நிலை போட்டுச் சான்றிதழ். இன்றும் பல கம்பெனிகளில் அது எச்.ஆர். தலையில்தான். வருஷக் கடைசியில் ஆலோசகரைக் கூப்பிட்டுப் புள்ளி கூட்டி, சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். இந்தப் பொறுப்பைக் கொள்முதல் மேலாளரிடம் கொடுத்து, அவர் போனஸையும் அதோடு கட்டுங்கள். அப்போதுதான் ஏதாவது நகரும்.

கணக்கன்:
போனஸைக் கட்டினால் அவரும் புள்ளிதான் கூட்டுவார். விதியே அப்படி. சான்றிதழில் முதல் நிலை, அதாவது உச்ச நிலை, உள்ள சப்ளையரிடம் 100 ராண்டுக்கு வாங்கினால் 135-க்கு வாங்கியதாகக் கணக்கு, எட்டாம் நிலை என்றால் வெறும் 10. அப்புறம் யார் பொருளைப் பார்ப்பார்கள்? சான்றிதழைத்தான் பார்ப்பார்கள். கறுப்பினத்தவரைப் பெயருக்கு மட்டும் பங்குதாரராகக் காட்டும் மோசடிக்கு 10 ஆண்டு வரை சிறை என்று 2013 திருத்தச் சட்டத்தில் எழுத வேண்டி வந்ததே!

டர்பன்வாசி:
அந்த 135-ஐ நான் பலம் என்பேன். இன்ஸ்பெக்டரே இல்லாமல், நல்ல நிலை வாங்கு என்று ஒரு கம்பெனி தன் சப்ளையரை நெருக்குகிறது. 2013 விதிகளில் மிக அதிகப் புள்ளி, 40, கொள்முதலுக்கும் சப்ளையர் வளர்ச்சிக்கும்தான். ஆனால் புது சப்ளையருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு 90 நாள் கழித்துப் பணம் தந்தால் அவர் கடையை மூடிவிடுவார். சீக்கிரம் பணம் தருவதற்கும் விதிகளில் புள்ளி உண்டு. அந்த பில்லை பாஸ் பண்ண எச்.ஆருக்கு அதிகாரம் இருக்கிறதா?

பட்டறைக்காரன்:
பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பையன்களை ஒரு வருஷம் வகுப்பில் உட்கார வைக்கிறார்கள், முடிந்ததும் அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வருஷம் வேறு பையன்கள், அதே வகுப்பு. செலவுக்குப் புள்ளி விழுந்துவிடுகிறது. ஃபோர்மேன் மிஷினைத் தொடவிட்டால்தானே வேலை தெரியும்?

கணக்கன்:
வேலைக்கு எடுத்தால் 5 போனஸ் புள்ளி உண்டே. அதுவும் போதாமல்தானே அனுப்புகிறார்கள்? புள்ளியால் மனசு மாறாது. இன்னொன்று: சட்டப்படி இந்திய வம்சாவளியினரும் ‘கறுப்பினத்தவர்’தான். நம் ஆள் ஒருவரை மேலாளராக்கிக் கணக்கை முடித்துவிடலாம்.

டர்பன்வாசி:
முடியாது. மேலாளர் மட்டங்களில் மக்கள்தொகை விகிதப்படி இனவாரியாகப் பிரித்துத்தான் கணக்கு, ஒரு பிரிவை மட்டும் நிரப்பினால் முழுப் புள்ளி வராது. மனசு மாறட்டும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. பில் 30 நாளில் பாஸ் ஆனால் எனக்குப் போதும்.

கணக்கன்:
சரி, பில் விஷயத்தில் ஒத்துப்போகிறேன். ஆனால் 90 நாள் என்று முடிவெடுப்பது நிதி இயக்குநர். அவர் போனஸையும் கட்டுவீர்களா? கட்ட முதலாளி விடுவாரா?