அப்பாவுக்குச் சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை

அப்பாவுக்கு 72 வயது, திருச்சியில் இருக்கிறோம். போன தை மாதத்திலிருந்து இரண்டு காதிலும் ஹியரிங் எய்டு, பின்பக்கம் மாட்டும் டிஜிட்டல் வகை. என் குரல் புரிகிறது, ஆனால் என் மகள் பேசினால் "சத்தம் வருது, என்ன சொல்றான்னு தெரியல" என்கிறார். "சட்டை" என்றால் "கட்டையா?" என்று கேட்கிறார். ஃபேன் ஓடினாலோ இரண்டு பேர் சேர்ந்து பேசினாலோ சுத்தமாக விட்டுப்போகிறது. இப்போதெல்லாம் பேத்தி பேசினால் வெறுமனே தலையாட்டுகிறார், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

காது கேட்கும் அளவைக் காட்டும் ஆடியோகிராமில் 1000 ஹெர்ட்ஸ் வரை 30 டெசிபல், 2000க்கு மேல் 65, 70 என்று இறங்குகிறது (எண் கூடக் கூட கேட்பது குறைவு). ச, த மாதிரி ஒலிகளைப் பிரித்தறிய உதவுவது அந்த மேல் பகுதிதான், அதனால் வால்யூமைக் கூட்டினால் மட்டும் போதாது என்று தெரிகிறது. காதில் அழுக்கு எடுத்தாயிற்று, காதுக்குள் வைக்கும் ரப்பர் முனையான டோம் மாற்றியாயிற்று, இரைச்சல் குறைக்கும் புரோகிராமும் போட்டுப் பார்த்தாயிற்று. வாங்கிய இடத்தில் "பழகிடும்" என்கிறார்கள். செவிப்பறைக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் வைத்து, கருவி உள்ளே எவ்வளவு ஒலி தருகிறது என்று அளக்கும் ரியல் இயர் மெஷர்மென்ட் மட்டும் இதுவரை யாரும் செய்யவில்லை.

திருச்சி, தஞ்சாவூர், மதுரை பக்கம் அதைச் செய்து, கருவியைச் சரிப்படுத்தித் தரும் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?