"பழிவாங்கும் வன்முறை" வேண்டாம், "குழுப்பழி" சரியாக வருமா?

நண்பர்களே,

போருக்குப் பிந்தைய நாடுகள் பற்றிய நம் சொற்பட்டியலில், போர் முடிந்தபின் ஒரு குழுவைச் சேர்ந்தவர்கள் மேல் நடக்கும் தாக்குதல்களுக்குப் "பழிவாங்கும் வன்முறை" என்று போட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பழிவாங்கினான் என்றாலே, அடிபட்டவன் முன்பு ஏதோ செய்திருக்கிறான், அதற்குத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று காதில் விழுகிறது.

அல்பேனியர்கள் பெரும்பான்மையாக வாழும், அப்போது செர்பியாவின் மாகாணமாக இருந்த கொசோவோவைப் பாருங்கள். நேட்டோவின் குண்டுவீச்சுக்குப் பிறகு 1999 ஜூனில் செர்பியப் படையும் போலீசும் வெளியேறின. விரட்டப்பட்டிருந்த 8 லட்சத்துக்கும் மேற்பட்ட அல்பேனியர்கள் எரிந்த வீடுகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள், அந்தக் கோபத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அது யார் தலையில் விடிந்தது? ஜூலை 23 அன்று கிராச்கோ கிராமத்து வயலில் அறுவடை செய்துகொண்டிருந்த 14 செர்பிய விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மித்ரோவிட்சாவில் இபார் ஆற்றங்கரையில் சுமார் 8,000 ரோமா (ஜிப்சி) மக்கள் வாழ்ந்த குடியிருப்பையே கொளுத்தினார்கள், செர்பியர்களுக்குத் துணைபோன சனம் என்று மொத்தப் பேர் மேலும் குற்றம் சுமத்தி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதேதான்.

அதனால் "குழுப்பழி". பழி என்ற சொல்லில் குற்றம்சாட்டுவதும் இருக்கிறது, திருப்பித் தாக்குவதும் இருக்கிறது. இரண்டும் ஒரு குழுவின் மேல் ஏற்றப்படுவதை இது சொல்லிவிடும். "கூட்டுப்பழி" என்றால் பலர் சேர்ந்து பழிவாங்குவது என்று ஆகிவிடும், "இனப்பழி" என்றால் மதத்தையோ கட்சியையோ வைத்து நடப்பது விட்டுப்போகும்.

அப்புறம் இன்னொன்று. பழிவாங்கல் என்றவுடன் ஆத்திரத்தில் தானாக நடந்தது போல ஆகி, தடுக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை. நேட்டோ படையினர் பல்லாயிரம் பேர் அங்கே இருந்தார்கள், விசாரிக்கப் போதுமான போலீசும் நீதிபதிகளும்தான் இல்லை. எந்தச் சட்டம் செல்லும் என்பதிலேயே தகராறு: போருக்கு முன்பிருந்த யுகோஸ்லாவிய, செர்பியச் சட்டங்களே தொடரும் என்று ஐநா நிர்வாகம் சொல்ல, அல்பேனிய நீதிபதிகள் மறுக்க, 1989இல் கொசோவோவின் தன்னாட்சி பறிபோவதற்கு முன்பிருந்த சட்டத்துக்கு மாற டிசம்பர் ஆகிவிட்டது. இந்த நிலைக்கும் தனிச்சொல் வேண்டும். ராணுவம் நிறைந்திருந்த ஊரைப் "பாதுகாப்பு வெற்றிடம்" என்பது பொருந்தவில்லை, "காவலில்லா இடைக்காலம்" என்கிறேன்.

2004 மார்ச்சில் அதே இபார் ஆற்றில் அல்பேனியச் சிறுவர்கள் மூழ்கியதற்குச் செர்பியர்களே காரணம் என்று செய்தி பரவி, கலவரத்தில் 19 பேர் இறந்தார்கள். ஐந்து வருடம் கழித்து நடந்த அதற்கும் குழுப்பழி பொருந்துகிறது. பொருந்தாத நிகழ்வு உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றுவதற்கு முன் பேசிவிடலாம்.