திபோடோவின் நிமிடக் கணக்கு: ஆட்டக்காரர்களின் களைப்பா, பயிற்சியாளரின் நம்பிக்கையின்மையா?

நெடுங்களம் (கேள்வி):

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆடும் நியூயார்க் நிக்ஸ் அணி 2025 ஜூன் 3 அன்று பயிற்சியாளர் டாம் திபோடோவைப் பதவியிலிருந்து நீக்கியது. அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் 50, 51 வெற்றிகளைப் பெற்றுத் தந்து, 25 ஆண்டுகளுக்குப் பிறகு அணியைக் கிழக்குப் பிரிவின் இறுதித் தொடர் வரை அழைத்துச் சென்றவர், அந்தத் தொடரில் இண்டியானா பேசர்ஸிடம் 4-2 என்று தோற்ற சில நாட்களிலேயே வெளியேற்றப்பட்டார். தொடக்க ஐவரை அளவுக்கு மீறி ஆட வைத்தார் என்பதே அவர்மீது ரசிகர்கள் வைக்கும் முதல் குற்றச்சாட்டு. 2024-25 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக மிக அதிக நேரம் களத்தில் நின்றவர் ஜாஷ் ஹார்ட். பருவம் முழுவதையும் கூட்டினால், 3,000 நிமிடங்களைத் தாண்டிய மிகல் பிரிட்ஜஸ் முதலிடத்துக்கு வருகிறார். இரண்டு முதலிடங்களும் ஒரே அணிக்கு வந்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

ஆயினும் அணியைத் தோற்கடித்தது களைப்புதான் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பேசர்ஸுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில், முதல் இரண்டு ஆட்டங்களையும் சொந்தக் களத்திலேயே இழந்த பிறகுதான், ஹார்ட்டை பெஞ்சில் அமர்த்தி மிட்செல் ராபின்சனைத் தொடக்க ஐவரில் சேர்த்தார் திபோடோ. அதுவரை பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்த லாண்ட்ரி ஷாமெட்டும் டெலான் ரைட்டும் அன்று களம் கண்டார்கள். 20 புள்ளிகள் பின்தங்கியிருந்த அணி 106-100 என்று வென்றது. அந்த மாற்றத்தை ஏன் மே மாதக் கடைசி வரை தள்ளிப்போட வேண்டும்? பிழை நிமிடங்களின் எண்ணிக்கையில் இருந்ததா, மாற்று ஆட்டக்காரர்களைப் பருவத்தின்போதே சோதித்துப் பார்க்காததில் இருந்ததா? நிக்ஸைத் தொடர்ந்து பார்ப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தடுப்பரண்:

பயிற்சியாளரைக் குறை சொல்வதற்கு முன், அவர் கையில் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும், நண்பரே. பிரிட்ஜஸ் ஒருவருக்காக மட்டும் நிர்வாகம் ஐந்து முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளை (லீகுக்கு வரும் புதிய ஆட்டக்காரர்களை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கும் உரிமைகளை) கொடுத்தது. பருவம் தொடங்கும் தறுவாயில் கார்ல்-ஆன்டனி டவுன்ஸைப் பெறுவதற்காக ஜூலியஸ் ராண்டிலையும் டான்டே டிவின்சென்சோவையும் மினசோட்டாவுக்கு அனுப்பியது. ராபின்சனோ கணுக்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பிப்ரவரி இறுதியில்தான் திரும்பினார். ஐந்து பேருக்காக எல்லாவற்றையும் செலவழித்த நிர்வாகமே, அந்த ஐந்து பேரை ஏன் இவ்வளவு ஆட வைத்தாய் என்று கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அதே பிளே-ஆஃபில் (வழக்கமான பருவத்துக்குப் பின் நடக்கும் வெளியேற்றுத் தொடர்களில்) நடப்புச் சாம்பியன் பாஸ்டனை அதன் சொந்தக் களத்தில், முதல் இரண்டு ஆட்டங்களிலும் 20 புள்ளிப் பின்னடைவிலிருந்து மீண்டு வந்து வென்றது இந்த அணி. இரண்டு முறையும் கடைசி நொடிகளில் பந்தைப் பறித்து ஆட்டத்தை முடித்து வைத்தவர், பருவத்திலேயே மிக அதிக நிமிடங்கள் ஆடிய அதே பிரிட்ஜஸ். அவர் களைத்துப்போயிருந்தார் என்றால், ஆட்டங்களின் முடிவில் பாஸ்டனின் ஜேலன் பிரவுனிடமும் ஜேசன் டேட்டமிடமும் அந்தக் கைகள் எப்படிச் சென்றன?

மூத்த விசிறி:

நான் திபோடோவை அவர் சிகாகோ அணியின் பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்தே பார்த்து வருகிறேன். 2012 ஏப்ரல் 28 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான முதல் பிளே-ஆஃப் ஆட்டத்தில், ஒரு நிமிடம் 22 நொடிகள் மீதமிருக்க, 12 புள்ளிகள் முன்னிலையில் இருந்தபோதும் சிகாகோவின் முதன்மை ஆட்டக்காரர் டெரிக் ரோஸ் களத்தில் இருந்தார். அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்ததும் அப்போதுதான். அந்தக் காயத்துக்கு நிமிடச் சுமைதான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. காயங்களால் அந்தப் பருவத்தின் 66 ஆட்டங்களில் அவர் 39இல் மட்டுமே ஆடியிருந்தார். என் ஆதங்கம் வேறு. ஏறத்தாழ முடிந்துபோன ஓர் ஆட்டத்தில் முதன்மை ஆட்டக்காரரை வெளியே அழைக்கும் வழக்கமே இந்தப் பயிற்சியாளரிடம் இல்லை. அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் லீகில் ஆட்டத்துக்கு மிக அதிகச் சராசரி நிமிடங்கள் ஆடியவர் அவருடைய லுவோல் டெங் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2024 பிளே-ஆஃபில் ஹார்ட் முழு 48 நிமிடங்களும் களத்தில் நின்ற ஆட்டங்கள் உண்டு. ஊர் மாறியது, ஆட்டக்காரர்கள் மாறினார்கள், கணக்கு மட்டும் மாறவில்லை.

2025 மார்ச் மாதத்தில் பிரிட்ஜஸே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். தொடக்க ஆட்டக்காரர்களின் நிமிடங்களைக் குறைக்கலாம் என்று பயிற்சியாளரிடம் சொன்னதாகவும், பெஞ்சில் திறமையுள்ளவர்கள் இருப்பதாகவும் அவர் கூறினார். அப்படியொரு பேச்சே நடக்கவில்லை என்றார் திபோடோ. அன்றிரவே போர்ட்லாந்தில் கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் வெற்றிக் கூடையைப் போட்டவரும் பிரிட்ஜஸ்தான் என்பதால் அந்தச் சர்ச்சை அமுங்கிப்போனது. வாழ்க்கையில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாதவர் என்று பெயர் பெற்ற ஒருவர் வாய்திறந்து கேட்கிறார் என்றால், அதைச் சோம்பல் என்று எவரும் சொல்ல முடியாது. உடைமாற்றும் அறையில் பயிற்சியாளருக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே இருந்த இடைவெளியை அன்றே அளந்திருக்கலாம்.

மூன்று புள்ளிக் கோடு:

பொதுவாகப் பேசுவதைவிட, பேசர்ஸ் தொடரின் முதல் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு பேசுவது பயன்தரும் என்று நினைக்கிறேன். நான்காம் குவார்ட்டரில் (ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில்) ஐந்தாவது ஃபவுலுடன் (ஆறாவது வந்தால் ஆட்டத்திலிருந்தே வெளியேற வேண்டும்) நிக்ஸின் முதன்மை ஆட்டக்காரர் ஜேலன் பிரன்சன் வெளியே அமர்ந்திருந்தபோதுதான் நிக்ஸ் முன்னிலையைப் பெருக்கிக்கொண்டது. மூன்று நிமிடங்களுக்கும் குறைவாக மீதமிருந்தபோது 14 புள்ளிகள் கையில் இருந்தன. அதன்பின் பேசர்ஸின் ஆரன் நெஸ்மித் மூன்று புள்ளிக் கூடைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட, டைரீஸ் ஹாலிபர்டனின் கடைசி எறிதல் வளையத்தில் பட்டு மேலே எழும்பி உள்ளே விழுந்து ஆட்டத்தைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் 138-135 என்று பேசர்ஸ் வென்றது.

பிரன்சனைத் திரும்ப அழைத்தது தவறு என்று நான் வாதிடவில்லை. ஆட்டத்தின் இறுதியில் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) போட அவர் வேண்டும். ஆனால் எதிரணி மூன்று புள்ளிகளை மட்டுமே நம்பி ஆடும் நிலையில், அவர்கள் பந்தைப் பெறும்போது பிரன்சனையும் டவுன்ஸையும் வெளியே எடுத்து, நம்மிடம் பந்து வரும்போது மீண்டும் உள்ளே அனுப்புவது பயிற்சியாளர்கள் பலரும் கையாளும் முறை. ஒவ்வொரு ஃபவுலும் ஒவ்வொரு டைம்-அவுட்டும் அதற்கான வாய்ப்பு. அந்த வேலைக்கு ரைட் போன்ற நீண்ட கைகளையுடைய தடுப்பாட்டக்காரர் அணியிலேயே இருந்தார். ஆனால் வாரக்கணக்காக உட்கார்ந்திருந்த ஒருவரை அந்த மூன்று நிமிடங்களுக்குள் திடீரென்று நம்ப எந்தப் பயிற்சியாளராலும் முடியாது. தடுப்பரண் அவர்களே, நீங்கள் சொல்லும் பெஞ்சின் வறுமையில் ஒரு பகுதியைப் பயிற்சியாளரே உருவாக்கினார் என்பது என் கருத்து.

ராபின்சன் விஷயத்தில் மட்டும் திபோடோவின் தயக்கத்தைப் புரிந்துகொள்கிறேன். ஃப்ரீ த்ரோவில் அவர் பலவீனமானவர் என்பதால் பாஸ்டன் அவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்துகொண்டே இருந்தது. குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடங்களில் பந்தில்லாதவரை அப்படி ஃபவுல் செய்தால் ஒரு ஃப்ரீ த்ரோவோடு பந்தும் திரும்பக் கிடைக்கும். அதற்கு முந்தைய நிமிடங்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அவரை எப்போது உள்ளே வைப்பது, எப்போது எடுப்பது என்பது உண்மையிலேயே கடினமான முடிவு.

வடமேற்கு மூலை:

பெஞ்சை வளர்ப்பது எப்படி என்பதற்கு 2013-14 பருவத்தின் சான் அன்டோனியோ அணியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பருவத்தில் அதன் பயிற்சியாளர் கிரெக் பாபோவிச்சின் ஆட்டக்காரர் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரியாக 30 நிமிடங்களை எட்டவில்லை. 62 வெற்றிகளோடு கோப்பையும் வந்தது. 2025இல் பேசர்ஸ் பயிற்சியாளர் ரிக் கார்லைலும் பத்துப் பேரைச் சுழற்றி, எதிரணியை முழுக் களத்திலும் ஓட விட்டுக்கொண்டே இருந்தார். அதே சமயம், சுழற்சி காயத்தைத் தடுத்துவிடும் என்று யாரும் உறுதி கூற வேண்டாம். அந்த அணியின் ஹாலிபர்டனே ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் குதிகால் தசைநார் கிழிந்து வீழ்ந்தார்.

நெடுங்களம்:

அனைவருக்கும் நன்றி. தடுப்பரண் கூறும் நிர்வாகத்தின் பொறுப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய பாஸ்டன் சான்று என் ஐயத்தை இன்னும் வலுவாக்குகிறது. அந்த ஐவருக்கு ஆற்றல் இருந்தது. அது போதாமல் போன இரவுகளில் எதிரணிக்குப் புதிதாக ஒரு கேள்வியை எழுப்ப வேறு கூட்டணி இல்லை. லீகிலேயே மிக அதிக நேரம் ஒன்றாக ஆடிய ஐவர் அணி என்பதால், அவர்களை எப்படித் தாக்குவது என்று படிக்க எதிரணிகளுக்கு ஒரு பருவம் முழுதும் கிடைத்தது. பலவீனமான தடுப்பாட்டக்காரர்களான பிரன்சனையும் டவுன்ஸையும் ஒரே திரையமைப்பில் (தடுப்பாட்டக்காரரின் வழியை இன்னொரு ஆட்டக்காரர் மறித்து நிற்கும் உத்தியில்) மாட்ட வைப்பதே அந்தத் தாக்குதல் என்பது ஜனவரியிலேயே வெளிப்படையாகிவிட்டது.

நவம்பர், டிசம்பர் மாதங்களின் ஆட்டங்களை மீண்டும் பார்க்கும் பொறுமையுள்ளவர்கள், இரண்டாம் குவார்ட்டரின் முதல் ஆறு நிமிடங்களை மட்டும் கவனியுங்கள். டைலர் கோலெக் போன்ற ஒரு புதியவரை பிரன்சனுக்குப் பதிலாகவோ அவரோடு சேர்த்தோ தொடர்ந்து பத்து ஆட்டங்களுக்கு அங்கே ஆட விட்டிருந்தால் ஓரிரு வெற்றிகள் குறைந்திருக்கலாம். 51 என்பது 49 ஆகியிருந்தாலும், அந்த விலையைக் கொடுத்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.