மறு: பாலெட் ஸ்வாப் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம். வீடியோ விளையாட்டுகளில் ஒரே உருவத்தை வைத்துக்கொண்டு நிறங்களை மட்டும் மாற்றுவதைத்தான் பாலெட் ஸ்வாப் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'நிறமாற்றம்' என்று வைத்துவிட்டால் போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். பச்சோந்திக்கும் நிறமாற்றம், துருப்பிடிக்கும் இரும்புக்கும் நிறமாற்றம். அதெல்லாம் தானாக நடப்பது. இது ஓவியர் வேண்டுமென்றே செய்வது, அதுவும் உருவத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மேலே மிதக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம்தான். வெள்ளை போட்டால் மேகம், பச்சை போட்டால் புதர். மொத்த விளையாட்டே 40 கிலோபைட். தனித்தனியாக வரைந்து வைக்க இடமேது?

படத்தின் புள்ளிகளில் நிறம் கிடையாது, எண்தான் உண்டு. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது தனியே ஒரு பட்டியலில் இருக்கும். பட்டியலை மாற்றினால் தோற்றம் மாறிவிடும். அந்தப் பட்டியல்தான் பாலெட். அதனால் பாலெட்டுக்கு நாம் முன்பு ஒத்துக்கொண்ட 'வண்ணத்தட்டு'கூட எனக்கு உறுத்துகிறது. தட்டு என்றால் வண்ணம் குழைக்க வேண்டும். இங்கே குழைப்பே இல்லை. 'வண்ணப் பட்டியல்' போதும். ('நிறநிரை' என்றும் யோசித்தேன். மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கைவிட்டேன்.)

> பண்டமாற்று போல 'வண்ணமாற்று'?

காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பண்டமாற்றில் இருவர் கொடுத்து வாங்க வேண்டும். மேகம் புதருக்கு எதைக் கொடுத்தது?

என் பரிந்துரை 'சாயமாற்று'. நெசவு அதேதான், சாயம் மட்டும் வேறு. வினையாக வேண்டுமானால் பிரித்து, 'சாயம் மாற்றினார்கள்' என்று எழுதிக்கொள்ளலாம்.

> நினைவகச் சிக்கனத்துக்கெல்லாம் தனிச்சொல் எதற்கு?

சிக்கனத்தில் தொடங்கியது, சரி. ஆனால் அதே மாரியோவில் பச்சை ஓட்டு ஆமை விளிம்பு வந்தாலும் நடந்து போய் விழும். சிவப்பு ஓட்டு ஆமை திரும்பிவிடும். உருவம் ஒன்று, குணம் இரண்டு. ஆட்டக்காரருக்கு அதைச் சொல்வது நிறம் மட்டுமே. 1992இன் மார்ட்டல் காம்பட் என்ற சண்டை விளையாட்டில் மஞ்சள் உடை வீரர் என்றால் ஸ்கார்ப்பியன், நீலம் என்றால் சப்-ஜீரோ; நிறத்தை எடுத்துவிட்டால் யார் அடிக்கிறார், யார் வாங்குகிறார் என்றே தெரியாது. இது கலை இயக்குநரின் (ஆர்ட் டைரக்டர்) வேலைதானே?

சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அந்த ஆமைகள் திண்டாட்டம்தான். அவர்களுக்காக இப்போது பல விளையாட்டுகளில் திரை முழுவதற்கும் நிறத்தைத் திருத்தித் தரும் அமைப்பு இருக்கிறது. அதைச் சாயமாற்றில் சேர்க்கக் கூடாது; அங்கே பட்டியல் மாறுவதில்லை. அதற்கு யாராவது தனி இழை தொடங்குங்களேன்.