ஆங்கில இலக்கியம், முதலாண்டு: சானட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
வணக்கம். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு இவ்வாண்டு இளங்கலை ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்திருக்கிறேன். சிறுகதைகளை அகராதியின் துணையோடு படித்துவிடுகிறேன். ஆனால் ஷேக்ஸ்பியரின் சானட்டும் (14 அடிப் பாட்டு) ஆங்கிலக் கட்டுரையாளர் பிரான்சிஸ் பேக்கனின் கட்டுரையும், சொற்பொருள் தெரிந்த பிறகும் பிடிபடவில்லை. உரைநூலை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

மறுமொழி (லாஸ்பேட்டை, புதுச்சேரி):
உரைநூலை மூடிவைத்துவிட்டு, முதலில் பாட்டை வாய்விட்டு மூன்று முறை படியுங்கள், தம்பி. 14 அடிகளை ஷேக்ஸ்பியர் நான்கு நான்கடியாக மூன்று பகுதிகளும் இறுதியில் ஓர் ஈரடியுமாக அமைக்கிறார். 18ஆம் சானட்டின் ஒன்பதாம் அடி ‘பட்’ (But, ‘ஆனால்’) என்று தொடங்குவதைப் பாருங்கள்: அதுவரை கோடைக்காலத்தின் குறைகளை அடுக்கியவர், அங்கிருந்துதான் தம் அன்புக்குரியவரிடம் ‘உன் கோடை வாடாது’ என்று பேசத் தொடங்குகிறார். அந்தத் திருப்பத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டால் பாதிப் பாட்டு விளங்கிவிடும். வெண்பாவின் ஈற்றடிக்குக் காத்திருந்து பழகிய காது நமக்கு உண்டு. அதை இங்கேயும் பயன்படுத்துங்கள்.

மறுமொழி (நெல்லிக்குப்பம்):
பேக்கனுக்கு வேகம் உதவாது. 1597இல் பத்தே கட்டுரைகளோடு வெளியிட்ட நூலை 1625இல் 58 கட்டுரைகளாக வளர்த்தவர் அவர். வாக்கியங்களையும் அதே பொறுமையோடு இறுக்கிச் செதுக்கியிருக்கிறார். ஒவ்வொரு வாக்கியத்தையும் குறளைப்போல் தனியே எடுத்துத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று, ஆனால் தேர்வில் என் சொந்த நடையில் எழுத முடிந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. இன்றிரவே 18ஆம் சானட்டை வாய்விட்டுப் படிக்கிறேன்.